லினக்ஸுக்கு ஒத்துவந்த ஸ்கேனரும் மாமிட கல்யாண சேர்ட்டிபிக்கேட்டும்

மாமிட பேப்பர் ஒரு பத்துப் பன்னிரண்டு. அதுகளை ஸ்கேன் பண்ணி விசாவுக்கு அப்லோட் பண்ணவேணும். எனக்கு வீட்டில தந்த வேலை அவ்வளவுதான்.

மாமி எண்டது என்ர மனிசி ஷாமினிட அம்மா. கொழும்பில கொட்டாஞ்சேனையில இருக்கிறா. லண்டனில இருக்கிற சின்ன மகளுக்கு முதல் பிள்ளை கிடைக்கப் போகுது, மாமி போய்ப் பக்கத்தில நிக்கவேணும். விசா ஒஃபிஸில ஒரு வெள்ளிக்கிழமை அப்போயின்ட்மென்ட் கிடைச்சிருந்தது. அதுக்கு முந்தின நாள், வியாழன் பின்னேரம் அஞ்சு மணிக்குள்ள எல்லாப் பேப்பரும் ஏறியிருக்கவேணும். அதை விட்டா அடுத்த அப்போயின்ட்மென்ட் வரேக்க பிள்ளை தவழத் தொடங்கியிருக்கும்.

கையில மூண்டு கிழமை இருந்தது. சாதாரண மனிசனுக்கு அது இருபது நிமிஷ வேலை. ஆனா நான் சாதாரண மனிசன் இல்லையே. நான் லினக்ஸ் பாவிக்கிறவன்!

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். லினக்ஸ் எண்டது விண்டோஸ் மாதிரி கொம்ப்யூட்டரை ஓட்டுற ஒண்டு. சும்மா கிடைக்கும், வைரஸ் வராது. அதைப் போட்ட ஆள் அதைப் பற்றிக் கதைக்கிறதை மட்டும் ஒருத்தராலயும் நிப்பாட்டேலாது. கலியாண வீடு, செத்த வீடு எண்டு பாராமல் கதைக்கிறன் எண்டு ஷாமினி சொல்லுவா. செத்த வீட்டில ஒருக்காத்தான் கதைச்சனான். அதுவும் அந்தாள்தான் கேட்டது.

இத்தனைக்கும் நான் கொம்ப்யூட்டர் படிச்சவன் இல்லை. ஒரு ஷிப்பிங் கொம்பனியில டொக்கியுமென்ட் பக்கம் வேலை. அதாவது, காலமை எட்டரையில இருந்து பின்னேரம் அஞ்சு மட்டும் பேப்பர் பார்க்கிறதுக்கு எனக்குச் சம்பளம் தருகினம். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில வைச்சிருங்கோ.

"றோட்டு முனைக் கொமியூனிகேஷனில குடுத்தா பத்து நிமிஷத்தில ஸ்கேன் பண்ணித் தருவாங்க," எண்டா ஷாமினி.

கொமியூனிகேஷன் எண்டது எங்கட பக்கம் போட்டோகொப்பி அடிக்கிற கடை. வெள்ளவத்தையில ஒழுங்கைக்கு ஒண்டு இருக்கு.

எனக்குக் கோபம் வந்திட்டுது. "என்ன கதை கதைக்கிறீர்? மாமிட பேர்த் சேர்ட்டிபிக்கேட், கல்யாண சேர்ட்டிபிக்கேட் எல்லாத்தையும் கண்டவன்ட கொம்ப்யூட்டரில ஏத்துறதோ? பிரைவசி எண்டு ஒண்டு இருக்கு!"

"அப்ப?"

"நாங்களே ஒரு ஸ்கேனர் வாங்குவம். லினக்ஸுக்கு ஒத்துவாற ஒண்டாப் பார்த்து வாங்கினா காலத்துக்கும் நிக்கும்."

ஷாமினி என்னை ஒரு பார்வை பார்த்தா. பிறகு ஒரே ஒரு வசனம் சொன்னா.

"முதல்ல அம்மாட பேப்பரை ஒருக்காப் பாருங்க. பார்த்திட்டு வாங்குங்க."

"பேப்பர் பேப்பர்தானே," எண்டன் நான்.

முதல் கிழமை முழுக்க ஆராய்ச்சி. ஒஃபிஸில மத்தியானச் சாப்பாட்டு நேரம், பஸ்ஸில, பாத்ரூமில, எங்க பார்த்தாலும் ஸ்கேனர். எந்த மொடல் லினக்ஸில ஓடும், எது ஓடாது, எது ஓடும் ஆனா கலர் வராது எண்டு ஒரு பெரிய அட்டவணை போட்டன். ஒரு வரியில ஸ்கேனர்ட பேர், பக்கத்தில உள்ளுக்க இருக்கிற சிப்புட பேர், அதுக்குப் பக்கத்தில யாரோ ஒரு ஜெர்மன்காரன் அழுத கதை.

லினக்ஸ்காரர் கூடிக் கதைக்கிற ஒரு இணையத் தளத்தில கேள்வியும் போட்டன். "வீட்டுப் பாவனைக்கு நல்ல டொக்கியுமென்ட் ஸ்கேனர் ஒண்டு சொல்லுங்கோ."

முதல் ஆள், "எந்த லினக்ஸ், எந்த வேர்ஷன்?" எண்டு கேட்டார். ரெண்டாவது ஆள், "இந்தக் கேள்விக்கு முந்தியே பதில் சொல்லியாச்சு, தேடிப் பார்" எண்டார். மூண்டாவது ஆள் நான் பாவிக்கிற லினக்ஸே பிழை எண்டார். நாலாவது ஆள் மூண்டாவது ஆளோட சண்டைக்குப் போனார். நாப்பத்தாறு பதில் வந்தது. ஸ்கேனர் எண்ட சொல்லு கடைசியா வந்தது ஒன்பதாவது பதிலில.

எண்டாலும் கடைசியில ஒரு மொடலைப் பிடிச்சிட்டன். மேல பேப்பர்க் கட்டை வைச்சா ஒவ்வொண்டா உள்ளுக்க இழுத்து, ரெண்டு பக்கத்தையும் ஒரே தரத்தில எடுத்து, கீழ தள்ளி விடும். லினக்ஸில "பூரணமா வேலை செய்யும்" எண்டு மூண்டு பேர் எழுதியிருந்தினம். மூண்டு பேரும் ஒரே கருத்து! எங்கட ஆக்களுக்குள்ள இது நடக்கிறதே இல்லை.

ரெண்டாவது கிழமை கடை ஏறி இறங்கினன்.

பம்பலப்பிட்டியில முதல் கடை. "இது லினக்ஸில வேலை செய்யுமோ?" எண்டு கேட்டன்.

"எல்லாத்திலயும் வேலை செய்யும் அண்ணே," எண்டான் அந்தத் தம்பி, ஸ்கேனரையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல்.

ரெண்டாவது கடை. "லினக்ஸா? அது இப்ப இம்போர்ட் இல்லை சேர்."

மூண்டாவது கடையில ஒருத்தர் உள்ளுக்க போய்ப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெரியவர் ஆறுதலாக் கேட்டார், தலையாட்டினார், "உங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்? விண்டோஸ் போட்டுத் தாறன், ஃப்ரீ" எண்டார். நான் உடனே வெளிய வந்தன். அவமானம் எண்டா அதுதான்.

கடைசியா நுகேகொடையில ஒரு கடை. சிங்களவர், பொடியன் எண்டு சொல்லேலாது, முப்பது முப்பத்தைஞ்சு வயசு இருக்கும், அவர்தான் முதலாளி. நான் அரைகுறைச் சிங்களத்தில என்ர சரித்திரத்தைச் சொல்லி முடிக்க, மனிசன் சிரிச்சுக்கொண்டு, "டெஸ்ட் கரலா பலன்ன அய்யே," எண்டார். போட்டுப் பாருங்கோ அண்ணே எண்டு.

போட்டுப் பார்க்கலாமாம்! எனக்கு அந்த மனிசனைக் கட்டிப் பிடிக்கவேணும் போல இருந்தது.

அடுத்த நாள் லெப்டொப்பை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு வெளிக்கிட்டன். வாசலில ஷாமினி மறிச்சா.

"டெஸ்ட் பண்ணத்தானே போறீங்க? கொட்டாஞ்சேனைக்குப் போய் அம்மாட பேப்பர் ஒண்டை எடுத்திட்டுப் போங்க."

"கடையில பேப்பர் இல்லாமலோ ஸ்கேனர் விக்கிறான்?" எண்டன். அதைச் சொல்லேக்க நான் சிரிச்சதும் எனக்கு ஞாபகம் இருக்கு.

கடையில கண்ணாடிப் பெட்டிக்கு மேல காட்சிக்கு வைச்சிருந்த ஸ்கேனரில வயரைக் குத்தினன். லெப்டொப் உடனே கண்டுபிடிச்சுது. முதலாளி பிரிண்டரில இருந்து புத்தம் புது ஏ ஃபோர் பேப்பர் இருபது எடுத்துத் தந்தார். ஸ்ஸ்ஸ்ஸ் எண்டு இருபதும் போச்சுது. இருபது வெள்ளைப் பேப்பரும் அவ்வளவு வடிவா ஸ்கிரீனில வெள்ளையா வந்தது. எனக்குக் கண் கலங்கிட்டுது.

"ஹொந்தட்ட வெட கரனவா," எண்டார் முதலாளி. நல்லா வேலை செய்யுது எண்டு அவருக்கே ஆச்சரியம்.

பெட்டியோட ஒண்டை வாங்கிக்கொண்டு, பாமன்கடை றோட்டால வெள்ளவத்தை வீட்டுக்குத் திரீவீல் ஓட்டோவில வந்தன். மடியில வைச்சுக்கொண்டு வந்தனான். என்ர பிள்ளையையே நான் அப்பிடிக் கொண்டு வரேல்லை எண்டு ஷாமினி இண்டைக்கும் சொல்லிக் காட்டுவா.

வீட்டில குத்தினன். லெப்டொப்புக்கு ஒண்டும் தெரியேல்லை.

கழட்டிக் குத்தினன். இல்லை. மற்ற ஓட்டையில குத்தினன். இல்லை.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தா, மொடல் பேருக்குப் பின்னால சின்னதா ஒரு எழுத்து. கடையில காட்சிக்கு இருந்தது பழைய பதிப்பு. பெட்டிக்குள்ள வந்தது புதுசு. பேர் ஒண்டு, தோற்றம் ஒண்டு, உள்ளுக்க இருக்கிற சிப் வேற. அதுக்கு இன்னும் புது ட்ரைவர் வேணும்.

ட்ரைவரைப் போடுறதுக்கு லினக்ஸைப் புதுப்பிக்கவேணும் எண்டுது. புதுப்பிச்சன். வைஃபை வேலை செய்யாமல் போச்சுது. வைஃபையைத் திருத்தினன். லெப்டொப்பில சத்தம் வராமல் போச்சுது. சத்தத்தைத் திருத்தப் போக ஷாமினி, "சத்தம் வேணாம், விடுங்க, கொஞ்சம் நிம்மதியா இருக்கும்" எண்டா.

செவ்வாய்க்கிழமை ஸ்கேனரைக் கண்டுபிடிச்சுது. எல்லாம் பச்சையா வந்தது. ஷாமினிட அடையாள அட்டையை வைச்சுப் பார்க்க, கடைஞ்ச கீரை மாதிரி ஒரு முகம்.

புதன்கிழமை பின்னேரம், மாமிட அப்லோடுக்கு ஒரு நாள் இருக்கேக்க, நிறமும் சரி வந்திட்டுது. ஒவ்வொரு முறையும் ஸ்கேன் பண்ண முதல் ரெண்டு வரி கட்டளை அடிச்சு, பாஸ்வேர்டும் குடுக்கவேணும். அவ்வளவுதான் கரைச்சல். நான் ஹோலுக்க நிண்டு கையைத் தட்டினன். நானே எனக்குத் தட்டினன், வேற ஒருத்தரும் தட்டேல்லை.

அந்தச் சந்தோசப் புளுகத்தில ஸ்கேனரோட வந்த புத்தகத்தையும் தூக்கிக் குப்பைக்குள்ள போட்டன். திறந்து பார்த்தனான், முதல் பக்கமே "விண்டோஸில நிறுவும் முறை" எண்டு இருந்தது. விண்டோஸ்காரருக்கு எழுதின புத்தகம் எனக்கு எதுக்கு?

வியாழக்கிழமை லீவு போட்டன். பத்து மணிக்கு மாமி கொட்டாஞ்சேனையில இருந்து திரீவீலில வந்து இறங்கினா. கையில ஒரு சாரிக்கடைப் பை, கனத்தில ஒரு பக்கம் சரிஞ்சு நடந்து வந்தா.

"என்ன மாமி, பலகாரமோ?" எண்டன்.

"இல்ல மகன், பேப்பர்தான்."

பத்துப் பேப்பர் ஏன் அவ்வளவு கனக்குது எண்டு ஒரு டொக்கியுமென்ட் கிளார்க்குக்கு அந்த நேரமே விளங்கியிருக்கவேணும்.

சாப்பாட்டு மேசையில வெள்ளைத் துணி விரிச்சு, நடுவில ஸ்கேனரை வைச்சிருந்தன். மாமி பார்த்திட்டு, "பூசைக்கு வைச்ச மாதிரி இருக்கு" எண்டா. நான் பெருமையாச் சிரிச்சன். மாமி பைக்குள்ள கையை விட்டு முதல் பேப்பரை எடுத்து மேசையில வைச்சா.

டக் எண்டு சத்தம் கேட்டுது.

பேப்பர் வைக்கேக்க டக் எண்டு சத்தம் கேட்கக்கூடாது.

லமினேட் பண்ணினது! நல்ல தடிச்ச பிளாஸ்டிக்கில, நாலு பக்கமும் விரற்கடை அகலத்துக்கு விளிம்பு விட்டு, சோத்துக் கோப்பைக்குக் கீழ வைக்கலாம் போல ஒரு சாமான்.

"மாமி, இது மட்டும்தானே இப்பிடி?"

"எல்லாம் அப்பிடித்தான் மகன். அந்த முறை வெள்ளம் வீட்டுக்குள்ள வந்திச்சே, பெட்டிக்குள்ள இருந்த பாதிப் பேப்பர் ஊறிப் போயிட்டுது. அன்டைக்கே முடிவெடுத்தன். ஒன்டு விடாம லமினேட் பண்ணி வைச்சிட்டன்."

டக். டக். டக். பேர்த் சேர்ட்டிபிக்கேட், வீட்டு உறுதிப் பத்திரம், மாமாட மரணச் சேர்ட்டிபிக்கேட், பாங்க் லெட்டர். பாங்க் லெட்டர் போன கிழமை எடுத்தது! அதையும் சுடச்சுட லமினேட் பண்ணிட்டா.

கடைசியா வந்தது கல்யாண சேர்ட்டிபிக்கேட். அது மற்றதுகளை விட இன்னும் தடிப்பு. கையில எடுத்துத் திருப்பிப் பார்த்தன். பின்பக்கத்தில அந்தோனியார், கையில குழந்தை யேசுவோட என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னால சும்மாதானே கிடந்திச்சு," எண்டா மாமி. "அதான் அந்தோனியார்ட படத்தையும் சேர்த்து வைச்சு ஒட்டச் சொன்னன். ஒரு காவலுக்கு."

பேர்த் சேர்ட்டிபிக்கேட்டுக்குப் பின்னால மாதா. வீட்டு உறுதிக்குப் பின்னால இருதய ஆண்டவர். பாங்க் லெட்டருக்கு மட்டும் ஒருத்தரும் இல்லை. மிஞ்சின படம் ஒத்துப் போகேல்லையாம்.

ஷாமினி கதவு நிலையில சாய்ஞ்சுகொண்டு நிண்டா. ஸ்கேனரை ஒருக்காவும் பேப்பரை ஒருக்காவும் பார்த்தா. 

அந்த இடத்தில ஒரு புத்தியுள்ள மனிசன் என்ன செய்வான்? பையை எடுத்துக்கொண்டு கொமியூனிகேஷனுக்குப் போவான். நான் ரெண்டு வரி கட்டளையை அடிச்சு, பாஸ்வேர்டைக் குடுத்து, கல்யாண சேர்ட்டிபிக்கேட்டைத் தூக்கி ஸ்கேனர்ட வாய்க்குள்ள வைச்சன்.

ஏன் எல்லாத்திலயும் தடிச்சதை முதல் வைச்சனான் எண்டு கேளாதேங்கோ. இது போனா எல்லாம் போகும் எண்டு ஒரு கணக்கு.

ஸ்ஸ்ஸ் எண்டு தொடங்கிச்சுது. பிறகு க்ர்ர்ர். பிறகு டொக்! பாதி உள்ளுக்க, பாதி வெளிய, அப்பிடியே நிண்டிட்டுது.

லெப்டொப்பில ஒரு பெட்டி வந்தது. "பேப்பர் சிக்கிவிட்டது."

நம்பமாட்டீங்கள், ஒரு செக்கனுக்கு எனக்குச் சந்தோசம். "பார்த்தீரோ ஷாமினி? ட்ரைவர் எவ்வளவு வடிவாப் பிழையைக் கண்டுபிடிக்குது! லினக்ஸில இது வாறது சரியான அருமை!"

 திரும்பிப் பார்த்தன். மாமிட முகம் வெளிறிப் போய் இருந்தது.

"மகன்," எண்டா மெல்லமா. "அதில அவர்ட கையெழுத்து இருக்கு. அவர் கைப்பட எழுதினது வீட்டில வேற ஒன்டும் இல்ல. மத்ததெல்லாம் அந்த வெள்ளத்தில போயிட்டுது."

 அதுவரைக்கும் அது ஒரு விளையாட்டாத்தான் இருந்தது எனக்கு. மாமியை லண்டனுக்கு அனுப்புற வேலையைத் தந்தா, நான் அவட புருஷன்ட கையெழுத்தை ஒரு மெசினுக்குத் தின்னக் குடுத்திட்டு, லினக்ஸைப் புகழ்ந்துகொண்டு நிக்கிறன்.

வெளிய நீட்டிக்கொண்டிருந்த பாதியில அந்தோனியார் தலைகீழாத் தொங்கினார். மாமாட கையெழுத்து உள்ளுக்க இருந்த பாதியில.

மெல்ல இழுத்துப் பார்த்தன். அசையேல்லை. கொஞ்சம் பலமா இழுக்க, பிளாஸ்டிக் கீச்சிட்டுது. மாமி நெஞ்சில சிலுவை போட்டா. ஸ்கேனரைச் சரிச்சுக் குலுக்கினன். வயரைக் கழட்டிக் குத்தினன். பிறகு லெப்டொப்பில அந்தத் தளத்துக்குப் போய், "பேப்பர் சிக்கினா என்ன செய்யலாம்?" எண்டு தட்டத் தொடங்கினன்.

"எந்த வேர்ஷன் எண்டு கேட்பாங்க," எண்டா ஷாமினி. அதோட என்னைத் தள்ளிவிட்டிட்டுக் குசினிக்குப் போனா.

குப்பை வாளிக்குள்ள இருந்து புத்தகத்தை எடுத்தா. தேயிலைத் தூளைத் தட்டினா. நாலாம் பக்கம். ஒரு படம், அதில ஒரு பச்சை நெம்புகோல், பக்கத்தில ஒரு அம்புக்குறி. வந்து ஸ்கேனர்ட பக்கத்தில விரலை வைச்சு அமத்தினா. மூடி திறந்துது. கல்யாண சேர்ட்டிபிக்கேட் சுகப்பிரசவமா அவட கையில வந்து விழுந்துது.

மூலையில பிளாஸ்டிக் கொஞ்சம் மடிஞ்சிருந்தது. கையெழுத்துக்கு ஒண்டும் இல்லை. மாமி அதை வாங்கி சாரித் தலைப்பால துடைச்சா, பிறகுதான் கதிரையில இருந்தா. எனக்கும் அப்பதான் மூச்சு வந்தது.

சேர்ட்டிபிக்கேட்டுக்குப் பின்னால ஒரு சின்ன றப்பர்த் துண்டும் விழுந்தது. ஸ்கேனர்ட உருளையில இருந்து கழண்டது. அதைப் பற்றி ஒருத்தரும் கவலைப்படேல்லை. நான் மட்டும் எடுத்துப் பொக்கற்றுக்குள்ள போட்டன்.

"இப்ப மணி பதினொன்டரை," எண்டா ஷாமினி. "நான் கொமியூனிகேஷனுக்குப் போறன். பிரைவசி வாறதெண்டா அதுவும் வரட்டும்."

மூண்டு பேரும் போனம். பையை நான்தான் தூக்கினன்.

கடைக்கார முஸ்லிம் அண்ணனை எல்லாரும் நானா எண்டுதான் கூப்பிடுறது. அவரிட்ட இருந்தது பழைய ஸ்கேனர் ஒண்டு, மூடியைத் திறந்து கண்ணாடிக்கு மேல வைக்கிறது. மூடி கழண்டு விழாம இருக்க றப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார். மாமிட சேர்ட்டிபிக்கேட்டை வைச்சார், மேல ஒரு டெலிபோன் டிரெக்டறியை வைச்சு அமத்தினார். வந்திட்டுது!

"ரெண்டு பக்கமும் போடவா?" எண்டார்.

"ஓம் ஓம், ரெண்டு பக்கமும் போடுங்க," எண்டா மாமி, நான் வாயைத் திறக்க முதல்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கேலாமல் கேட்டன். "நானா, இது எந்த சிஸ்டத்தில ஓடுது?"

"தெரியா தம்பி. ஓன் பண்ணினா வேல செய்யிது."

"முடிஞ்ச உடன எங்கட ஃபைலை அழிச்சு விடுங்கோ, என்ன?"

"அழிக்கலாம் தம்பி," எண்டு ஸ்கிரீனை என்ர பக்கம் திருப்பினார். முழு வெள்ளவத்தையும் அங்க இருந்தது. பாஸ்போர்ட், பேர்த் சேர்ட்டிபிக்கேட், உறுதி. எங்கட ஃபைல்களை "மாமி நாலு" எண்ட பேரில போட்டிருந்தார். மாமி ஒண்டு, ரெண்டு, மூண்டு ஏற்கெனவே வந்து போயிட்டினம்.

பன்னிரண்டு மணிக்கு வேலை முடிஞ்சுது. மூண்டு கிழமை எனக்கு. இருபது நிமிஷம் நானாவுக்கு.

வீட்டுக்கு வந்து அப்லோட் பண்ணேக்கதான் கவனிச்சன். கல்யாண சேர்ட்டிபிக்கேட் ரெண்டாம் பக்கம், அந்தோனியார். பேர்த் சேர்ட்டிபிக்கேட் ரெண்டாம் பக்கம், மாதா.

"மாமி, இந்தப் பக்கங்களை வெட்டி விடுறன். விசா ஒஃபிஸில என்ன நினைப்பினம்?"

"விடுங்க மகன்," எண்டா. "எல்லாத்தையும் ஒருக்கா நீங்கதானே பார்த்தீங்க. இதை அந்தோனியார் பார்த்துக்கொள்ளட்டும்."

அப்பிடியே அனுப்பி விட்டன்.

விசா வந்தது. ஒரு கேள்வி இல்லை, ஒரு தாமதம் இல்லை. மாமி செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினா. ஷாமினி நானாவுக்கு ஒரு கேக் குடுத்து விட்டா. எனக்கு ஒருத்தரும் ஒண்டும் தரேல்லை. நியாயம்தான்.

நான் கிழிஞ்ச உருளையை மாத்திறதுக்கு ஸ்கேனரை நுகேகொடைக்குக் கொண்டுபோக ஆயத்தமானன். வாரண்டி இருக்குதானே! பில்லைத் தேடினா, மேசையில வைச்ச பில்லைக் காணேல்லை.

"பில்லா மகன்?" எண்டா மாமி. பயணம் சொல்ல வந்திருந்தா. "அதை இப்பிடியா மேசையில சும்மா போட்டு வைக்கிறது? அழிஞ்சு போயிடுமே. உங்கட பேப்பர் எல்லாத்தையும் எடுத்திட்டுப் போய் ஒழுங்கா செஞ்சு கொண்டு வந்திருக்கிறன்."

சாரிக்கடைப் பை. டக். டக். டக். எங்கட கல்யாண சேர்ட்டிபிக்கேட், மகளிட பேர்த் சேர்ட்டிபிக்கேட், அவட நேர்சரி ரிப்போர்ட், என்ர வேலைக் கடிதம், தண்ணி பில், ஷாமினி எழுதி வைச்ச கேக் செய்முறை. கடைசியா ஸ்கேனர் பில்.

அது கடை மெசினில அடிச்ச பில், சூடு பட்டாக் கறுக்கிற பேப்பர். லமினேட் பண்ணுற சூட்டில முழுக்கக் கறுத்துப் போய் இருந்தது. ஒரு எழுத்துத் தெரியேல்லை. பின்பக்கம் மட்டும் பளிச்செண்டு இருந்தது. அந்தோனியார்.

மாமிட முகத்தில அவ்வளவு சந்தோசம். "நன்றி மாமி," எண்டன்.

நுகேகொடை முதலாளி உருளையைப் பார்த்தார். "பில் எக்க தியெனவத அய்யே?" எண்டு பில்லைக் கேட்டார். நான் அந்தக் கறுப்புப் பலகையைக் குடுத்தன்.

வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்தார். "மேகே முகுத் நேனே?" இதில ஒண்டும் இல்லையே எண்டு திருப்பினார். அந்தோனியாரைக் கண்டார். பிறகு ரெண்டு கையாலயும் பிடிச்சு நெத்தியில ஒற்றினார். கடைக்குள்ள புத்தர் படத்துக்குத்தான் லைட் போட்டிருந்தது. ஆனா கொழும்பில அந்தோனியாரிட்டப் போகாத ஆள் யார்?

உள்ளுக்க போனார். புது உருளை ஒண்டைக் கொண்டுவந்து மாட்டினார். ஒரு கேள்வி கேட்கேல்லை.

இப்ப ஸ்கேனர் சாப்பாட்டு மேசையில நிக்குது. லினக்ஸில நூற்றுக்கு நூறு வேலை செய்யுது. போட்டுப் பார்ப்பம் எண்டு வீடு முழுக்கத் தேடினன், லமினேட் பண்ணாத ஒரு பேப்பர் இல்லை.

போன ஞாயிறு மாமி வீடியோவில வந்தா. தோளில பேத்தி, ஒரு கைப்பிடி அளவு, நித்திரை. மாமிட முகம் முழுக்கச் சிரிப்பு. ஆனா மாமிக்கு ஒரு குறை.

"நேத்துத்தான் பிள்ளைட பேர்த் சேர்ட்டிபிக்கேட் எடுத்தது மகன். லமினேட் பண்ணுவம் என்டு றோட்டு றோட்டாத் தேடினன், ஒரு கடை இல்ல. என்ன நாடு மகன் இது?"

மூண்டு கிழமை ஆராய்ச்சியிட முடிவு இதுதான்: என்ர ஸ்கேனருக்குள்ள போகக்கூடிய ஒரே பேப்பர் இப்ப லண்டனில இருக்கு.